மழைக்காலத்தில் கயாக்கில் ஓர் இரவு: வேலணைத் தென்கரையில் தங்கிவர முழு வழிகாட்டி

மழையில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் ஓர் இரவு தங்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "நனைய மாட்டியளோ?" என்பதுதான். நனைவீர்கள், அதற்கு வழியில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "காத்து எந்தப் பக்கம்?" யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலில், அதாவது ஆழமில்லாத கடலேரியில், மழை ஆளையும் சாமானையும் நனைக்கும், அவ்வளவுதான். கரையிலிருந்து ஆளைப் பிரித்துக் கொண்டுபோவது காற்று. நேரே உயிருக்கு வருவது மின்னல். எந்தக் கரை, எத்தனை மணி, எந்தப் பையில் என்ன என்று கீழே வரும் முடிவுகள் எல்லாம் இந்த வரிசையில் எடுத்தவை: முதலில் காற்று, அடுத்தது மின்னல், கடைசியில் மழை.

ஓரளவு கயாக் ஓட்டிப் பழகியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து துடுப்புப் போட முடியாதவரும், கவிழ்ந்தால் திரும்ப ஏறத் தெரியாதவரும் முதலில் வெயில் காலத்தில் பகல் பயணம் போய்ப் பழகட்டும்.

1. மாதமும் காற்றும்

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதற்காக இந்த மாதங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைக்கக் கூடாது. ஒக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் மழை பெரும்பாலும் பின்னேரத்தில் இடி மின்னலோடு வரும். காலையில் கடல் அசையாமல் கிடக்கும். நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலம். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி, 2025 நவம்பர் கடைசியில் டித்வா, மூன்றும் இந்தச் சில வாரங்களுக்குள் வந்த புயல்கள். டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் வாடைக்காற்று நிலைத்துவிடும். மழை விட்டு விட்டுப் பெய்யும், இடி குறைவு, காற்று வடகிழக்கிலிருந்து ஒரே சீராக வரும்.

நான் தேர்வது இந்தக் கடைசிக் காலத்தைத்தான். காற்றின் பலம் நாளுக்கு நாள் மாறினாலும் திசை மாறாது. திசை தெரிந்தால் கரையைத் தேர்ந்துவிடலாம்.

மூன்று நாளுக்கு முன்பிருந்தே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பகுதி அறிவித்தலைப் பாருங்கள். விண்டி போன்ற செயலியில் மணித்தியாலவாரியான காற்றையும் பாருங்கள். சராசரி வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இடையிடையே வரும் வீச்சுக் காற்றின் வேகத்தையும் பார்க்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீற்றருக்குள் என்றால் நல்லது. 20 கடந்தால் கடலில் வெள்ளை நுரை எழத் தொடங்கும். சாமான் ஏற்றிய கயாக்கை அதற்கு எதிரே தள்ளுவது தோளை முறிக்கும் வேலை. 25 என்று காட்டினால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். விரிகுடாவில் தாழமுக்கம் என்ற சொல் அறிவித்தலில் வந்துவிட்டால், வீட்டு வாசலில் வெயில் எறித்தாலும் போக வேண்டாம்.

செயலியைவிட நம்பிக்கையான ஒன்று உண்டு. முதல் நாள் பின்னேரம் புறப்படப் போகும் கரைக்குப் போய், வலை தைத்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணை, நாளைக்கு வாடை எப்பிடி?" என்று கேளுங்கள். "பாப்பம்" என்று பதில் வந்தால் அடுத்த நாள் காலையில் அவர் தொழிலுக்குப் போகிறாரா என்று பாருங்கள். சின்ன வள்ளங்கள் கரையில் கிடந்தால் உங்கள் கயாக்கும் கரையில்தான்.

2. எந்தக் கரை

நான் சொல்வது யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள வேலணைத் தீவின் தென்கரை. சாட்டிக் கடற்கரையில் கயாக்கை இறக்கி, கரையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே மண்கும்பான், அல்லைப்பிட்டி என்று போவது. இடையில் பொருத்தமான இடத்தில் தங்கி, அடுத்த நாள் அதே வழியால் திரும்புவது. காரணங்கள் மூன்று.

வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, தீவு உங்களுக்கு வடக்கே இருக்கிறது. அதனால் கரையோரம் காற்று மறைப்பு உண்டு, அலை எழ இடமில்லை. அடுத்தது, போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. இரண்டாம் நாள் தோளில் வலியும் பையில் ஈரப் பாரமும் இருக்கும். அப்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். கடைசியாக, மண்டைதீவு வழியாகப் பண்ணைப் பாலம் வரை தெருத் தொடர்பு இருக்கிறது. என்ன நடந்தாலும் கயாக்கைக் கரையில் கட்டிவிட்டுத் தெருவுக்கு நடந்து ஓட்டோ பிடித்தால் யாழ்ப்பாணம்.

இதே கரையில் ஒரு பொறியும் இருக்கிறது. வாடை நாளில் சாட்டியில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் வரும் பொய் அமைதி அது. கரையை விட்டு விலக விலகக் காற்றின் பிடி கூடும். தெற்கேயும் தென்மேற்கேயும் திறந்த கடல். அரைக் கிலோமீற்றர் விலகிப் போனவர் திரும்பிப் பார்க்கும்போது கரை தூரப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே கரையிலிருந்து 100, 150 மீற்றருக்குள்தான் ஓட வேண்டும். வளைவுகளைக் குறுக்கே வெட்டி நேர்கோட்டில் போகும் ஆசை வேண்டாம். வளைவோடு வளைந்து போங்கள்.

மற்ற இடங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பண்ணைப் பாலத்துக்கும் பொன்னாலைப் பாலத்துக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு படத்தில் பாதுகாப்பாகத் தெரியும். வாடையில் அங்கே காற்று உங்களை வேலணையின் வடகரைக்குத் தள்ளும். ஆழம் குறைவான தண்ணீரில் எழும் அலை உயரமில்லாமல் நெருக்கமாக வந்து இடைவிடாமல் குத்தும். எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் அழகான இடங்கள், ஆனால் கடல் கொந்தளித்தால் படகுச் சேவையே நின்றுவிடும். மழைக்காலத்துக்கு அவை வேண்டாம். கிளாலி, முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை நீண்டகாலமாக நடந்துவந்த நிலம்; தெரியாத கரையில் கூடாரம் அடிக்கும் இடமல்ல அது. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், முதலையும் உண்டு.

3. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வது

வடக்குக் கடலில் கடற்படையின் கண்காணிப்பு எப்போதும் உண்டு. இரவில் கரையில் வெளிச்சம் தெரிந்தால் யாராவது வந்து விசாரிப்பார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது இரண்டு நிமிடக் கதையோடு முடியும். கிராம சேவையாளர், அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கம், பக்கத்துப் பொலிஸ் நிலையம், கடற்படைக் காவலரண் ஆகிய நான்கு இடத்திலும் பெயர்கள், தங்கும் இடம், திரும்பும் நேரம் மூன்றையும் சொல்லுங்கள். சங்கத்தாரிடம் கேட்காமல் கரையில் தங்குவது மரியாதையுமில்லை, புத்தியுமில்லை. எந்த இடத்தில் வெள்ளம் ஏறும், எங்கே தடி நட்டுக் கட்டும் களங்கண்ணி வலை இருக்கிறது, எந்தப் பற்றைக்குள் பாம்பு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தேசிய அடையாள அட்டையை ஈரம் படாத உறையில் போட்டு உடம்போடு வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கடவுச்சீட்டுப் பிரதி.

வீட்டில் ஒருவரிடம் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். எங்கே இறங்குகிறோம், எங்கே தங்குகிறோம், எத்தனை பேர், கயாக் என்ன நிறம், எத்தனை மணிக்கு அழைப்போம், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். இந்த மூன்று இலக்கத்தையும் அதே தாளில் எழுதுங்கள். வாயால் சொன்னது பதற்றத்தில் மறந்துபோகும்.

4. கயாக்கும் உடுப்பும்

தனியாகப் போகக் கூடாது. ஆகக் குறைந்தது இரண்டு கயாக். மூன்று இருந்தால் நல்லது. உள்ளே உட்காரும் கயாக் என்றால் முன்னும் பின்னும் அடைப்புள்ள அறைகள் இருக்க வேண்டும், கவிழ்ந்தாலும் அவை மிதக்க வைக்கும். மேலே உட்காரும் வகை மழைக்கு அவ்வளவு வசதியில்லை, ஆனால் கவிழ்ந்தால் ஏறுவது சுலபம். புதியவர் சேர்ந்து வந்தால் அவருக்கு அதுதான் சரி. காற்றடித்து ஊதும் கயாக்கை வாடையில் கொண்டுபோகாதீர்கள். பாரமில்லாமல் தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும் பொருள்; காற்று அதைத்தான் தேடும்.

உயிர்காப்பு அங்கி போட்டபடியே இருக்க வேண்டும். பின்னால் கட்டி வைத்தால் அது சாமான்தான். அங்கியில் ஒரு விசில். குழுவுக்கு ஒரு மேலதிகத் துடுப்பு, தண்ணீர் இறைக்கும் கைப்பம்பி அல்லது வெட்டிய பிளாஸ்ரிக் கான், ஒரு பெரிய பஞ்சு, 10 மீற்றர் மிதக்கும் கயிறு, வலையில் சிக்கினால் அறுக்க ஒரு கத்தி. களங்கண்ணி, சிறகுவலைத் தடிகளைக் கண்டால் சுற்றிப் போங்கள். அது ஒரு குடும்பத்தின் அன்றாடச் சோறு.

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி உடுப்பு நனைந்தால் காய மறுக்கும், காற்று பட்டால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும் விளையாட்டுக் கழக ஜேர்சிதான் இதற்கு ஏற்றது. அதற்கு மேல் மெல்லிய மழை ஜக்கெட், அதற்கு மேல் உயிர்காப்பு அங்கி. தலைவழி போடும் அகலமான மழைக்கோட்டைக் கயாக்கில் போடக் கூடாது. கவிழ்ந்தால் கையையும் காலையும் சுற்றிக்கொள்ளும். காலுக்குப் பின்பட்டி உள்ள செருப்பு அல்லது பழைய கன்வஸ் சப்பாத்து. ஆழமில்லாத தண்ணீரில் இறங்கும்போது சிப்பி வெட்டும், திருக்கையும் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மண்ணோடு உரசி நடந்தால் திருக்கை தானே விலகிவிடும்.

கனடாவிலிருந்து டிசம்பரில் வரும் மச்சான்மார் குளிர் ஏரிக்கு வாங்கிய முழு நீர்காப்பு உடையோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அதைப் போட்டால் உள்ளே வேர்வையிலேயே நனைந்துவிடுவார்கள். அதற்காகக் குளிரே இல்லை என்றும் இல்லை. தை மாதத்து இரவில் ஈர உடுப்போடு காற்றில் ஒரு மணித்தியாலம் இருந்தால் பல் கிட்டும். நடுங்கும் கை முடிச்சுப் போடாது.

புறப்படும் வாரத்தில் ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். கவிழ்ந்தவர் முதலில் துடுப்பையும் கயாக்கையும் பிடிக்க வேண்டும். வெறும் கயாக் காற்றில் போகும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது. மற்றவர் தன் கயாக்கைக் குறுக்காகக் கொண்டுவந்து, கவிழ்ந்ததன் மூக்கைத் தன் மடிமேல் இழுத்துத் தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, பக்கத்தில் அணைத்துப் பிடிக்க வேண்டும். விழுந்தவர் பின்பக்கமாக வயிற்றால் ஏறி, படுத்தபடியே உள்ளே திரும்பலாம். பரவைக்கடலில் பல இடங்களில் எழுந்து நிற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அடியில் சுரி என்றால் முழங்கால்வரை புதையும், நின்று ஏறுவது நடக்காது.

5. பொதி கட்டுவது

மழைப் பயணம் நன்றாக அமைவதும் குழம்புவதும் இங்கேதான். நீர்புகாப் பை மூன்று தரம் சுருட்டி மூடினால்தான் நீர்புகாது. வாய்வரை திணித்தால் சுருட்ட இடமிருக்காது. ஒவ்வொரு பைக்கு உள்ளும் தடித்த பொலித்தீன் பை ஒன்று போட்டு அதற்குள் சாமான் வையுங்கள். பெரிய பை ஒன்றைவிடச் சிறிய பைகள் நான்கு மேல். ஒன்று ஓட்டையானால் கால்பங்குதான் நனையும்.

இருப்பதில் நல்ல பை உறக்கச் சாமானுக்கு: மெல்லிய போர்வை அல்லது உறக்கப்பை, ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு சாரம், காலுறை. இந்தப் பையைக் கூடாரத்துக்கு உள்ளே தவிர வேறெங்கும் திறக்கக் கூடாது. வழியில் எவ்வளவு குளிர்ந்தாலும் திறக்கக் கூடாது. சட்டம் ஒன்றுதான்: ஈர உடுப்பு ஒரு சோடி, காய்ந்த உடுப்பு ஒரு சோடி, இரண்டும் சந்திக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் காய்ந்ததைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு நேற்றைய ஈர ஜேர்சியைத்தான் திரும்பப் போட வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாருக்கும் பிடிக்காது. பிடிக்காது என்று காய்ந்ததோடு கயாக்கில் ஏறினால், நடுவழியில் தங்க நேர்ந்தால் மாற்ற ஒன்றும் இருக்காது.

தறப்பாள் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் கைக்கு வரும் இடத்தில். அதற்குக் கீழே கூடாரம். தண்ணீர்ப் போத்தல்கள் ஆசனத்துக்குப் பின்னால், கயாக்கின் அடியில், நடுக்கோட்டில். முன்பக்கம் பாரம் கூடினால் மூக்கு காற்றுக்குள் திரும்பிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் கூடினால் காற்றோடு திரும்பும். ஏற்றி முடிந்ததும் கரையோரம் சற்று ஓட்டிப் பார்த்து மாற்றி அடுக்குங்கள். கயாக்கின் மேல்தட்டில் சாமான் குவிக்காதீர்கள், அது பாய் விரித்ததற்குச் சமம்.

கைத்தொலைபேசி உறையில், கழுத்தில். மேலதிக மின்சேமிப்பு (பவர் பாங்க்) வேறொரு பையில். தலையில் கட்டும் ரோச் ஆளுக்கு ஒன்று, குழுவுக்கு இன்னொன்று.

6. தண்ணீரும் சாப்பாடும்

தீவகத்துக் கிணறுகளில் பல உவர். நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தாலும் அது ஊரவர்களுக்கே போதாது. ஆளுக்கு 5 லீற்றர் கொண்டுபோங்கள். தறப்பாளில் வடியும் மழைநீர் பாத்திரம் கழுவ உதவும்.

முதல் நாள் மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய புட்டும் சம்பலும், அல்லது சோற்றுப் பார்சல். இரவுக்கு ஒரு பாத்திரத்தில் முடியும் சமையல்தான் சரி: அரிசியும் பயறும் போட்ட கஞ்சி, வெங்காயமும் கருவாடும் பக்கத்துக்கு. இடையில் கொறிக்க நம் ஊரிலேயே மழைக்கென்று செய்து வைத்தவை உண்டு. பருத்தித்துறை வடை நாள்கணக்கில் கெடாது. புழுக்கொடியல் நனைந்தாலும் பரவாயில்லை. பனங்கட்டி ஒரு துண்டு வாயில் கிடந்தால் துடுப்புப் போடும்போது உற்சாகம் வரும். மல்லியும் வேர்க்கொம்பும் இடித்த தூளைச் சின்னப் போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்து கரையேறியவுடன் குடிக்கும் மல்லிக்கோப்பிக்கு ஈடாக எந்தக் கடைப் பானமும் இல்லை.

அடுப்பு சிறிய காஸ் அடுப்பு. ஈர விறகை நம்பக் கூடாது. நெருப்பு மூட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் வீட்டிலிருந்தே காய்ந்த சிரட்டையும் பன்னாடையும் ஒரு நீர்புகாப் பையில் கொண்டுபோகலாம். பன்னாடை உடனே பற்றும், சிரட்டை நின்று எரியும். கரையில் நிற்கும் கண்டல் மரத்தில் கை வைக்கக் கூடாது.

7. தண்ணீரில்

காலை ஏழு, எட்டு மணிக்கு இறங்குங்கள். சாமான் ஏற்றிய கயாக் எதிர்காற்றில் மணிக்கு 3 கிலோமீற்றர் போனால் போதும் என்று கணக்கு வையுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரில் இருக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் மாலை ஆறு மணியளவில் பொழுது பட்டுவிடும், மழை இருட்டு அதற்கும் முன்பே வந்துவிடும். இரண்டு மணிக்குள் தங்குமிடத்தில் இருந்தால் பெய்யும் மழைக்கு இடைவெளி பார்த்துக் கூடாரம் அடிக்க நேரம் கிடைக்கும்.

ஒருவரை ஒருவர் குரல் கேட்கும் தூரத்தில் ஓடுங்கள். பலத்த மழையில் 50 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போது கரைக்குத் திரும்பிவிடுங்கள், மழை விட்டதும் போகலாம். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் வள்ளங்கள் அந்த மழைக்குள்ளும் வேகமாக வரும். மஞ்சள், செம்மஞ்சள் நிற அங்கி போடுவதும் துடுப்பின் இலையில் ஒளி எறியும் பட்டி ஒட்டுவதும் அவர்களின் கண்ணில் படத்தான். கடல் வற்றும்போது கயாக் தரை தட்டினால் இறங்கி இழுங்கள். ஆழம் தேடி வெளியே போகாதீர்கள்.

8. மின்னல்

பரந்த தண்ணீரில் உயர்ந்து தெரியும் ஒரே பொருள் நீங்களும் நிமிர்த்திய துடுப்பும்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று வினாடி சென்றால் அது ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 30 வினாடிக்குள் இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப இறங்கக் கூடாது.

கரையேறினால் மட்டும் தப்பியதாகாது. கூடாரமும் தறப்பாளும் மின்னலைத் தடுக்காது, தனிப் பனை அதை அழைக்கும். ஆகவே தங்குமிடம் தேரும்போதே பத்து நிமிட நடையில் ஒரு கல் கட்டடம், மீன் ஏலம் கூறும் மண்டபமோ சங்கக் கட்டடமோ கோவில் மடமோ, இருக்கிறதா என்று பார்த்து, அங்கே ஒதுங்கலாமா என்றும் கேட்டு வையுங்கள். மூடிய வாகனமும் சரி. நடு இரவில் இடி நெருங்கினால் கூடாரத்தை விட்டுவிட்டு அங்கே போக வேண்டும். சோம்பல் வரும், எழும்புங்கள்.

9. கூடாரம் அடிப்பது

கரையில் பாசி ஒதுங்கிக் காய்ந்த கோடுகளைப் பாருங்கள். ஆக மேலே உள்ள கோட்டுக்கும் மேலே போக வேண்டும். நம் கடலில் பெருக்கும் வற்றும் பெரிதல்ல, முக்கால் மீற்றருக்குள் அடங்கும். ஆனால் தரை சாய்வில்லாமல் தட்டையாகக் கிடப்பதால் அந்தச் சிறு ஏற்றமே கிடைமட்டமாக வெகுதூரம் வந்துவிடும். அமாவாசை, பூரணை நாட்களில் இன்னும் சற்று மேலே. தெருவிலிருந்து கடலுக்கு மழைவெள்ளம் ஓடும் வாய்க்கால் எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். காவோலை விழும்போது கருக்கு மட்டையோடு விழும். தென்னைக்குக் கீழும் அப்படித்தான். தாழம்பற்றைக்கு அருகே போகாதீர்கள்.

தறப்பாளை முதலில் கட்டி, அதன் கீழே நின்று கூடாரத்தை விரிக்க வேண்டும். காலையில் கூடாரத்தை முதலில் மடித்து, தறப்பாளைக் கடைசியில் அவிழ்க்க வேண்டும். இந்த ஒழுங்கைப் பிடித்தால் கொட்டும் மழையிலும் கூடாரத்தின் உட்பக்கம் நனையாது. காற்று வரும் பக்கத்தில், அதாவது வடகிழக்கில், தறப்பாளின் விளிம்பு தரையைத் தொட வேண்டும். மறுபக்கம் துடுப்பை நட்டு இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். நடுவில் தொய்ந்தால் தண்ணீர் தேங்கிக் கிழிக்கும்.

கடற்கரை மணலில் கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் நிற்காது. உரப்பைகள் சில கொண்டுபோய் மணலால் நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது. காலையில் மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்து எடுத்து வரலாம்.

கூடாரத்துக்குக் கீழே விரிக்கும் பொலித்தீன், கூடாரத்தின் அடியைவிட ஒரு சாண் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் வடியும் தண்ணீரைப் பிடித்து நேரே உங்கள் முதுகுக்குக் கீழே அனுப்பும். சுற்றி வாய்க்கால் வெட்டத் தேவையில்லை; சற்று மேடான மணல் மழையைத் தானே குடித்துவிடும். காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். மூச்சுக் காற்றே உள்ளே துளியாகி விழும், கூரை ஒழுகுகிறது என்று நினைப்பீர்கள்.

கயாக்குகளைக் கூடாரம்வரை தூக்கிக் கொண்டுவந்து, குப்புறக் கவிழ்த்து, ஒன்றோடொன்று கட்டி, மணலில் புதைத்த பையிலும் கட்டுங்கள்.

10. இரவு

சமையல் தறப்பாளின் கீழே மட்டும். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டினால் துணியில் தீப்பிடிக்கும், அல்லது புகைநஞ்சு சத்தமில்லாமல் கொல்லும். நுளம்புத்திரியும் வெளியேதான். மழைக்காலம் டெங்குக் காலமும். பொழுது படுவதற்கு முன்பே முழுக்கைச் சட்டை போட்டு நுளம்பு மருந்து பூசுங்கள்.

பாம்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் நீங்கள் தேடும் மேட்டைத்தான் பாம்பும் தேடும். புடையனும் கட்டுவிரியனும் யாழ்ப்பாணத்தில் உள்ளவை. கட்டுவிரியன் தரையில் உறங்குபவரைக் கடிக்கும். கடித்த வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலி, இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்றால் கடிவாயைத் தேடி நேரம் போக்காமல் 1990 அழைத்து யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். வெட்டக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, நடக்க விடக் கூடாது. வராமல் தடுக்க, கூடாரத்தின் சிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும். வெளியே தறப்பாளின் கீழே பாய் விரித்துப் படுக்கும் ஆசையை விடுங்கள். இரவில் வெளியே போனால் ரோச் அடித்துத்தான் கால் வைக்க வேண்டும், சப்பாத்தை உதறித்தான் போட வேண்டும்.

மலம் கழிக்கச் சங்கக் கட்டடத்தின் கழிப்பறையைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். தீவகத்தில் நிலத்தடி நன்னீர் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. மணலில் புதைத்தது மழையோடு கிணற்றுக்குப் போகும்.

படுக்கும் முன் அடுத்த நாள் காற்றை ஒருமுறை பாருங்கள். கூடிவரும் என்றால் விடிந்ததும் புறப்பட வேண்டும், காலைச் சாப்பாடு சாட்டியில்.

11. திரும்புவது

பின்காற்று சொகுசாக இருக்கும், அதனாலேயே கவனம் சிதறும். பின்னாலிருந்து வரும் சின்ன அலையிலும் கயாக் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். துடுப்பைப் பின்னால் ஆழப் போட்டுத் திசை பிடியுங்கள். கரையிலிருந்து விலகும் தூரத்தை அடிக்கடி பாருங்கள்.

காற்று கணக்கை மீறிவிட்டது என்றால் கயாக்கில் திரும்பத்தான் வேண்டும் என்றில்லை. கரையில் இழுத்து வைத்துவிட்டு, ஊரில் ஒரு லான்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இரு சில்லு உழவு இயந்திரம்) பேசி ஏற்றிக்கொண்டு தெருவால் வாருங்கள். இதற்கென்று கொஞ்சக் காசை உறையில் போட்டு முதலிலேயே வைத்திருங்கள். கொண்டுபோன பொலித்தீனும் போத்தலும் திரும்பி வர வேண்டும். தாளை வைத்திருப்பவருக்குக் கரையேறியதும் சொல்லுங்கள், சங்கத்தாருக்கும் பொலிசுக்கும் கடற்படைக்கும் ஒரு வார்த்தை.

12. வீடு வந்த பிறகு

எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சிப்பும் கத்தியும் உப்பில் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ளும். கூடாரத்தை அன்றே விரித்துக் காய வையுங்கள். மழை விடவில்லையென்றால் விறாந்தையில் கயிறு கட்டிப் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து நாறும்.

இன்னொன்று, இது சின்ன விசயமல்ல. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் காயமுள்ள காலோடு நடப்பது அது தொற்றும் முக்கிய வழி. கயாக்கை வாய்க்கால் வெள்ளத்துக்குள்ளால் தூக்கி நடந்திருந்தால் நீங்களும் அந்தக் கணக்கில் வருவீர்கள். போவதற்கு முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தடுப்பு மருந்து தேவையா என்று சொல்வார். காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால் பனடோலோடு படுத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள். மழைத் தண்ணீருக்குள் நின்றதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.